தரையில் அடுக்கிய கட்டுகள்

அரசு அலுவலகங்கள் வாங்கும் தாளில் பாதி, பழைய காகிதத்தை அரைத்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஸ்டோர் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. கிடங்குச் சாவி அவளிடம்தான் இருந்தது. வந்து இறங்கிய பழுப்புத் தாளைத் தடவிப் பார்த்து, "இதுல எழுதினா பேனாவே அழும்" என்றாள்.

ரேக்கில் எல்லாக் கட்டுகளுக்கும் இடம் போதவில்லை. வெள்ளைத் தாள் அவளுக்குப் பெற்ற பிள்ளை. அது மேலே ஏறியது. பழுப்புக் கட்டுகள் சுவரோரம் வெறும் தரையில் உட்கார்ந்தன. அடியில் மரப்பலகை போட்டிருக்கலாம். பலகை பின்கட்டில் கிடந்தது. ஆள் கூப்பிட்டு எடுத்துவர அலுப்பு.

மழை பிடித்துக்கொண்டது. தரையில் ஓதம் ஏறியது. அடுத்த வாரமே ஜெராக்ஸ் மெஷினில் பழுப்புத் தாள் சுருண்டு சுருண்டு சிக்கியது. சும்மா இருந்த வாய்களுக்கு அவல் கிடைத்தது. "குப்பையில பொறந்தது குப்பைக்குத்தான் போகும்" என்று மாடி முழுக்கச் சிரித்தார்கள்.

இந்த ஆலையின் தாளே வேண்டும் என்று மேலிடத்தில் வாதாடி வாங்கியவர் கொள்முதல் அதிகாரி. அவர் கிடங்குக்கு வருகிறார் என்று தெரிந்ததும், அக்கா ஆளைக் கூப்பிட்டுக் கட்டுகளைப் பலகைமேல் ஏற்றிவைத்தாள். இப்போது அலுப்பு இல்லை.

"ஸ்டோர்ல இப்படித்தானே வச்சிருந்தீங்க?"

"ஆமா சார், வந்த நாள்லேர்ந்து."

ஆலைக்குக் கொடுத்த ஆர்டர் ரத்தானது.

மிச்சக் கட்டுகளை ஏற்றிப்போக அந்த ஆலையை நடத்தும் ஆலைக்காரம்மாவே வண்டியோடு வந்தாள். ஒரு தாளை உருவி விரலுக்கிடையே வைத்துப் பார்த்தவள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்களுக்கும் கெட்ட பேரு. காயவைக்கிற டிரம்ல தாள் சரியா காயல போலிருக்கு. அத பாத்துக்கிட்டது என் தம்பிதான். 'நல்லாத்தான்க்கா காயவச்சேன்'னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். பொய் சொல்லாதடான்னு எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். கிளம்பிப் போயிட்டான்."

அக்கா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். வண்டி போன பிறகும் அந்தக் கைச்சூடு போகவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "உடம்புக்கு என்ன?" என்றார் கணவர். "ஒண்ணுமில்ல." இன்னொரு பொய்.

மறுநாள் காலை அதிகாரியின் அறைக்குப் போய், நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தவில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் வந்து கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"பயந்துட்டேன் சார்."

"மேலதிகாரிக்கு நான் எழுதித்தான் ஆகணும். உங்ககிட்ட விளக்கம் கேப்பாங்க."

"எழுதுங்க சார்."

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். காகிதம் அரைக்கும் கூழ்த்தொட்டி ஓடவில்லை. ஆலைக்காரம்மா ஓடிவந்து நாற்காலி போட்டாள். அக்கா உட்காரவில்லை. அவள் சொன்னதைக் கேட்டு முடிக்கும்போது ஆலைக்காரம்மாவின் முகம் கல்லாகிவிட்டது.

"ஆர்டர் போனா இன்னொண்ணு வரும். தம்பிய பொய்யன்னு சொன்ன வாய நான் எங்க கொண்டு போய் வைக்கிறது?"

போனை எடுத்து எண்ணை அழுத்தி, அக்காவிடம் நீட்டினாள். "நான் கூப்பிட்டா எடுப்பானோ மாட்டானோ. எடுத்தான்னா நீங்களே சொல்லுங்க."

அவன் எடுத்தான். அக்கா தன் பெயரை, வேலையைச் சொல்லி, செய்ததையும் சொன்னாள்.

"அப்போ நான் சரியாத்தான் காயவச்சிருக்கேன்."

"ஆமா தம்பி."

வைத்துவிட்டான். ஆலைக்காரம்மாவிடம் பேச வேண்டும் என்று கேட்கவில்லை.

அதிகாரி எழுதியதால் தாளை மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த மழைக்கு முன் ஆர்டர் திரும்பிவந்தது. ஸ்டோர் அக்காவுக்குச் சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது. அவள் அதை யாரிடமும் முறையிடவில்லை. பழுப்புக் கட்டுகளோடு வந்து இறங்கிய ஆலைக்காரம்மாவிடம், "தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"வேற ஊர்ல வேலையில இருக்கான். போன் பண்ணா எடுக்கறான்" என்றாள் அவள், அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கட்டுகளை இறக்கியபடி.