முடியல அக்கா

தங்கைதான் அந்தக் குடும்பத்தின் வாயாடி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேருக்கு அவள் செய்தியைப் படித்தால்தான் பொழுது விடியும். பால் பொங்கி வழிந்தால் "செத்தேன் நான்" என்பாள். பஸ் போய்விட்டால் "முடியல சாமி, என்னைப் பொதைச்சிடுங்க". புருஷன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் "நெஞ்சு வலிக்குது, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க". ஒவ்வொன்றுக்கும் பின்னால், கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் முகங்கள் நாலைந்து வரிசைகட்டி நிற்கும். மற்றவர்களும் அதே முகங்களை அள்ளி வீசுவார்கள். ஒருவர் குரலை ஒருவர் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அன்று காலை பதினொன்றரை மணி இருக்கும். ஒரு டாக்ஸி டிரைவரை உட்காரவைத்து, லென்ஸ் மாட்டும் வட்டச் சட்டத்தை அவர் மூக்கில் ஏற்றிக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. தங்கை குழுவில் போடாமல் இவளுக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்.

"அக்கா முடியல தல சுத்துது"

அக்கா ஒற்றை விரலால் மூன்று சிரிப்பு முகங்களைத் தட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

"இந்த எழுத்து எப்படித் தெரியுது?"

"ஒரு மாதிரியா இருக்கும்மா."

"ஒரு மாதிரின்னா? மங்கலா இருக்கா, ரெண்டு ரெண்டா தெரியுதா? தூரத்துலயா, கிட்டயா?"

"தூரத்துல ஈ பறந்தாக்கூடத் தெரியும். கையில இருக்கற போனைத்தான் படிக்க முடியல."

படிக்க முடியல. அது புரிகிறது. வெறும் 'முடியல' என்றால்? லென்ஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. போனை மறுபடி எடுத்தாள். தங்கையின் செய்தியில் ஒரு சிரிப்பு முகம்கூட இல்லை. 'அக்ஸ்' என்றும் 'யக்கோவ்' என்றும் கூப்பிடுகிறவள், 'அக்கா' என்று முழுசாக எழுதியிருந்தாள். இவள் அனுப்பிய மூன்று முகங்களுக்கும் கீழே நீல டிக் விழுந்திருந்தது. பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை.

அழைத்தாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். அதே கதைதான்.

தங்கையின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலைநேரத்தில் அவன் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். இவர்கள் அண்ணனின் ஆபீஸ் தங்கை வீட்டிலிருந்து இரண்டு தெரு. அவனுக்கு அடித்தாள். கட் செய்துவிட்டு எழுதினான்: "மீட்டிங். மெசேஜ் பண்ணு."

"அவ வீட்டுக்கு உடனே போ. அவளுக்கு ஏதோ ஆயிடுச்சு. பயமா இருக்கு" என்று அடித்தாள்.

பல் கிட்டி நடுங்கும் பூனைப் படம் ஒன்று பதிலாக வந்தது.

"விளையாடல. நெஜமா சொல்றேன்."

அதற்கு இரண்டு பூனை.

இனி எந்த வார்த்தையைப் போட்டால் நம்புவான்? 'சத்தியமா' என்று எழுதிப் பார்த்தாள். போன வாரம்தான் தங்கை வீட்டில் கருகிப்போன ரொட்டிக்கு எல்லோரும் குழுவில் சத்தியம் செய்து சிரித்திருந்தார்கள். 'உயிர் போகுது' என்று எழுதினாள். அது தினமும் போய்க்கொண்டிருந்தது. எழுதியதை எல்லாம் அழித்தாள். இருந்த சொற்களையெல்லாம் சிரித்தே தீர்த்துவிட்டோம் என்று தோன்றியது.

திரும்பத் திரும்ப அழைத்தாள். ஐந்தாவது தடவை அண்ணன் எடுத்தான். "ஏய், லூசா நீ? இங்க எல்லாரும்..."

அவளால் பேச முடியவில்லை. விக்கல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அந்தப் பக்கம் நாற்காலி சரியும் ஓசை. "ஓடறேன்" என்றான்.

டாக்ஸி டிரைவர் மூக்குச் சட்டத்தைத் தானே கழற்றி மேஜையில் வைத்திருந்தார். "வாங்கம்மா, எங்க போகணும்னு சொல்லுங்க, வண்டி வாசல்லதான் நிக்குது. பயப்படாதீங்க, ரோடு எனக்கு நல்லாவே தெரியும்."

வழியெல்லாம் சிக்னல். அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்த மூன்று முகங்களும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும். தங்கையின் தெருவுக்குள் திரும்பியதும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். வாசலில் கூட்டம்.

"நான் இறங்கலைங்க" என்றாள் அவரிடம், சின்னப் பிள்ளை மாதிரி. அவர் சுற்றிவந்து கதவைத் திறந்து பிடித்தார்.

மூன்றாவது மாடி. பூட்டு பிய்ந்து கதவு தொங்கியது. எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. குளியலறையிலிருந்து தூக்கிவரப்பட்ட தங்கை, நனைந்த உடையோடு கூடத்துத் தரையில் கிடந்தாள். அண்ணன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணைத் திற, கண்ணைத் திற" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். குளியலறை ஜன்னலை மூடிக்கொண்டு, வெந்நீருக்குக் கேஸ் ஹீட்டரை ஓடவிட்டுத் துணி துவைத்திருக்கிறாள். புகை வெளியேறும் குழாய் கழன்றிருக்கிறது. அதிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலை சுற்றும், கை கால் துவளும், அப்புறம் ஒன்றுமே தெரியாது. இன்னும் கால் மணி போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டாள் என்று ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னார்.

மறுநாள் மாலை தங்கை தெளிவாகப் பேசினாள். முகமூடி வழியாக ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது. குளியலறைக்குள் போனதுவரைதான் ஞாபகம் இருந்தது. செய்தி அனுப்பியதோ பதில் வந்ததோ எதுவும் நினைவில் இல்லை.

சொல்லாமலே விட்டுவிடலாம். அந்தப் பதிலை அழித்துக்கூட விடலாம். இரவெல்லாம் அந்த யோசனைதான். கடைசியில் அக்கா போனைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நீ முடியலன்னு எழுதின. நான் இதை அனுப்பினேன்டி."

தங்கை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முகமூடியைச் சற்றுத் தூக்கி, "விடுக்கா. நானா இருந்தாலும் இதையேதான் அனுப்பியிருப்பேன்" என்றாள்.

அவளைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் நேற்றிலிருந்து கேட்டதில் அதுதான் அக்காவை அதிகம் நடுக்கியது. அது உண்மை என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

நாலாம் நாள் தங்கை வீடு திரும்பினாள். ஹீட்டரை அவள் புருஷன் சுவரிலிருந்து பெயர்த்தே எடுத்துவிட்டான். குழு ஒரு வாரம் ஊமையாகக் கிடந்து, பிறகு மெல்ல மெல்லப் பழைய மாதிரி ஆனது. அக்காவால் மட்டும் ஆக முடியவில்லை. யார் 'செத்தேன்' என்று எழுதினாலும் உடனே போன் செய்துவிடுவாள். "நகைச்சுவைன்னா என்னன்னே தெரியாதா உனக்கு?" என்று சித்தி சலித்துக்கொண்டாள். தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும், எதிர்முனையில் ஒரு குரல் "என்னக்கா?" என்று கேட்கும்வரை, அந்த மூன்று நான்கு மணியோசைக்குள் அவளுக்கு ஈரக்குலை நடுங்கத்தான் செய்தது.