மலர்விழி வெளியேறிய நேரம்

காலை ஐந்தரைக்குக் கொண்டெய்னர் கதவைத் திறந்தார்கள். இத்தனை நாள் கடலில் அடைந்து கிடந்த மிளகாய்க் காரம் ஒரே மூச்சாக வெளியே பாய்ந்தது. முகமது ரஃபீக் துண்டால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் மூட்டையைத் தோளில் வாங்கினான். இரண்டு அடி வைப்பதற்குள் தும்மல் வந்தது. மூட்டை தோளில் இருக்கும்போது தும்மக் கூடாது, இடுப்பு பிடித்துக்கொள்ளும். கண்ணில் நீர் வழிய அடக்கிக்கொண்டு நடந்தான். பின்னால் வாசுவின் ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று பின்வாங்கியது. கிள்ளான் மேரு சாலைப் பக்கம் விடிவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

கண்ணாடி அறைக்குள் லோகேஸ்வரி கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினாள். அந்த மசாலைக் கிடங்கில் அவள் பதினோரு வருஷமாகக் கிராணி. மூட்டையை எண்ணுவது, ஆள் வந்த நேரம் போன நேரம் எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு. முன்பு அவளும் மலர்விழியும் சேர்ந்து பார்த்த வேலை அது. இப்போது அவள் மட்டும்.

ஆள் வருகை எழுதும் ஷீட் திறந்தது. திறந்ததும் நடுவில், யார் உள்ளே தட்டுகிறார்கள் என்று காட்டும் ஒரு சின்ன இளஞ்சிவப்புக் கொடி முளைத்தது. கொடியில் பெயர் இருந்தது: மலர்விழி. அது ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மெல்ல நகர்ந்தது.

மலர்விழி செத்து நாற்பத்தொரு நாள் ஆகிறது.

லோகேஸ்வரிக்குக் காரணம் தெரியும். வெளியே வாசு தன் கைப்பேசியில் வருகையைப் பதிகிறான், அவ்வளவுதான். நான்கு வருஷத்துக்கு முன்னால், ஆபீஸ் சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லி மலர்விழி கேட்டபோது முதலாளி சிவநேசன் சிரித்தார். "ஆன்லைன்ல சும்மா கெடைக்குது லா மலர். சும்மா கெடைக்கிறதுக்கு எவனாவது காசு கட்டுவானா?" என்றார். மலர்விழி தன் சொந்த ஈமெயிலில் ஓர் இலவச ஷீட்டைத் தொடங்கினாள். எல்லாருக்கும் அந்த ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. அவள் மகள் தாமரையின் பெயரும் பிறந்த வருஷமும். சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. யார் எதைத் தட்டினாலும் மலர்விழி தட்டியதாகத்தான் ஷீட் சொல்லும்.

காரணம் தெரிந்தும், அந்தக் கொடி நகரும்போதெல்லாம் லோகேஸ்வரி கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு டிங் என்று ஓர் ஓசை. திரையின் மூலையில் ஒரு வரி எழும்பியது. "எட்டுக்கு மேல அடுக்க வேண்டாம். பாஸ்கிட்ட மறுபடி சொல்லணும்." மலர்விழி தனக்குத்தானே வைத்துக்கொண்ட நினைவூட்டல். திங்கள்கிழமைதோறும் வரும். போன திங்களும் வந்தது. யாருக்கும் அதை அணைக்க மனம் வரவில்லை.

மஞ்சள் மூட்டை ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. அதைப் பதினொன்று உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். செத்த அன்று, மறுநாள் லோரிக்கான எண்ணிக்கை எடுக்கப் போனாள் மலர்விழி. மாலை மணி ஆறு இருபது. அடுக்கு சாய்ந்த சத்தம் கண்ணாடி அறைவரை கேட்டது. வெளியே எடுத்தபோது முகமெல்லாம் மஞ்சள். விசேஷத்துக்குக் குளிக்கத் தயாரானவள் மாதிரி இருந்தாள். சிமெண்டுத் தரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் ஈரம் காய்ந்ததும் திரும்ப வருகிறது. அதை மிதிக்காமல் எல்லாரும் சுற்றித்தான் போகிறார்கள்.

ஒன்பது மணிக்குச் சிவநேசன் வந்தார்.

"லோகா, பசியாறிட்டியா?"

அவர் அப்படிக் கேட்டு அவள் கேட்டதே இல்லை. எழுந்து நின்றாள்.

"உக்காரு, உக்காரு. உனக்கு நல்ல செய்தி. காசு கட்டி சாஃப்ட்வேர் வாங்கிட்டேன். ஒரிஜினல். இந்தக் கம்ப்யூட்டர்லயே இருக்கும். இனிமே இந்த ஓசி ஷீட்டு வேணாம்."

"நாலு வருஷமா வேணாம்னீங்களே பாஸ்."

"கம்பெனின்னா ஒரு மரியாதை வேணாமா? புதன்கிழமை சொக்சோ ஆபீசர் வராரு. அவர் முன்னாடி இதைக் காட்டுனா அசிங்கம். எல்லாத்தையும் புதுசுல ஏத்து. ஏத்திட்டு மலரோட கணக்கையே அழிச்சிடு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள."

"கணக்கையேவா?"

"செத்தவங்க பேர்ல கம்பெனி சாமான் இருக்கலாமா? பாவம், அவ ஆத்மாவும் போய்ச் சேரட்டும்." கதவுவரை போனவர் நின்றார். "மலரோட டைமு அஞ்சு மணின்னுதானே இருக்கு? அதை அப்படியே ஏத்து. அஞ்சோட வேலை முடிஞ்சிருச்சு. அப்புறம் வீட்டுக்கு மஞ்சள் எடுக்க உள்ள போயிருக்கா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லு?"

கதவு மூடியது.

சொக்சோ என்பது தொழிலாளர் காப்பீடு. வேலை நேரத்தில் செத்தாள் என்றால் அதிலிருந்து தாமரைக்கு உதவித்தொகை வரும். ஐந்தாம் படிவம் படிக்கிற பதினேழு வயசுப் பிள்ளை. அம்மாவைத் தவிர யாரும் இல்லை. ஐந்து மணிக்கு மேல் என்றால் எல்லாம் இழுபறி. அதோடு, மஞ்சள் திருடப் போய்ச் செத்தவளின் மகள் என்ற பேர் வேறு.

புதிய சாஃப்ட்வேரைத் திறந்தாள். வெள்ளை வெளேர் என்று, எந்தக் கொடியும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. பழைய ஷீட்டுக்குத் திரும்பி, எதை எப்போது யார் மாற்றினார்கள் என்று காட்டும் பக்கத்துக்குப் போனாள். இலவச ஷீட் ஒவ்வொரு தட்டலையும் பிடித்து வைத்திருந்தது. மலர்விழி செத்த செவ்வாய்க்கிழமையைத் தேடினாள்.

மாலை 6.20க்கு மலர்விழி வெளியேறிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

மாலை 7.50க்கு அந்தக் கட்டத்தில் 5.00. தட்டியவர்: மலர்விழி.

செத்து ஒன்றரை மணி நேரம் கழித்து, செத்தவளே வந்து தன் நேரத்தை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். அப்படித்தான் ஷீட் சொன்னது.

லோகேஸ்வரி தன் வலது கையைப் பார்த்தாள். அந்த விரல்கள்தான். மருத்துவமனையிலிருந்து சிவநேசன் அழைத்திருந்தார். "ஷீட்டை முடிச்சிடு லோகா, எப்பவும் போல" என்றார். எப்பவும் போல என்றால் அவள் கைக்குத் தெரியும். ஓட்டி என்கிற கூடுதல் நேரச் சம்பளத்தைக் கேட்டுவிடக் கூடாதென்று, யார் எத்தனை மணிக்குப் போனாலும் ஐந்து மணி என்று போடச் சொல்லியிருந்தார். முதல் கட்டத்தில் 5.00 என்று தட்டி, அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் பதினாறு பேருக்கும் ஐந்து மணி இறங்கிவிடும். அன்றைக்கும் அழுதுகொண்டே இழுத்தாள். மலர்விழியின் வரியையும் தாண்டி இழுத்துவிட்டாள். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. நாற்பத்தொரு நாளாக அதை யாரிடமும் சொல்லவில்லை.

அழி என்ற பொத்தான் ஒரு விரல் தூரத்தில் இருந்தது. அழுத்தினால் அவள் கையும் அழிந்துபோகும். யாருக்கும் தெரியாது.

மதியம் பன்னிரண்டரைக்குத் தகரக் கூரைக்குக் கீழே எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பேக்கிங் பார்க்கும் கண்ணம்மா அக்கா நெத்திலிச் சம்பாலைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினாள். லோகேஸ்வரி தன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"ஏன்டி, சாப்பாடு என்ன படமா? பாத்துக்கிட்டே இருக்க?" என்றாள் கண்ணம்மா.

"அக்கா, மலருக்கு அஞ்சு மணின்னு போட்டது நான்தான்."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. அவள் சொன்னாள். ஃபோன் வந்தது, இழுத்தது, இப்போது அழிக்கச் சொல்வது, மஞ்சள் திருடினாள் என்று சொல்லப் போவது, எல்லாவற்றையும்.

கண்ணம்மா டப்பாவை டக்கென்று மூடினாள். "நாற்பது நாள் காரியத்துல என் பக்கத்துல உக்காந்து அழுதியேடி. அப்பக்கூட சொல்லத் தோணலையா?"

"பயந்துட்டேன்க்கா."

வாசு எழுந்து நின்றான். "இரு, இரு. அன்னிக்கு மூட்டையைத் தூக்கி மலரக்காவை வெளிய எடுக்கறப்போ மணி ஏழு ஆகப்போகுது. எனக்கு என்ன டைம் போட்ட?"

"உனக்கும் அஞ்சுதான்."

"நான் அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயாச்சு?"

"ஆமா."

"அப்போ ஃபோர்க்லிஃப்ட்ட ஓட்டுனது யாரு லா? பேயா?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தவரே வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"பேய்தான்டா," என்றாள். "நம்ம எல்லாரும்தான் பேய். தெனம் அஞ்சு மணிக்கு நம்மளைக் கணக்குல கொன்னுடறானுங்க. ஏழு மணி வரைக்கும் பேயாத்தான் மூட்டை கட்டிக்கிட்டு இருக்கோம். மலர் ஒருத்திதான் நெசமாவே செத்தா."

வாசு மறுபடி உட்கார்ந்தான்.

"அந்தக் காசு கட்டுன சாஃப்ட்வேர்ல இதெல்லாம் தெரியாதா?" என்று கேட்டான் வாசு.

"சாஃப்ட்வேர் மேல தப்பில்லடா. நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல நான் இன்னிக்கு ஏத்துறதுதான் இருக்கும். அன்னிக்கு நடந்தது இருக்காது."

ரஃபீக் துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். ராமநாதபுரத்துக்காரன், வந்து மூன்று வருஷம். "எனக்கு வேலை பெர்மிட்டு அடுத்த மாசம் முடியுதுக்கா. பாஸ் கையெழுத்து போடணும்," என்றான். அவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவனே திரும்பவும் பேசினான். "ஆனா அவங்க முகத்து மேல கெடந்த கடைசி மூட்டைய எடுத்தது நான்தான். தூக்கத்துல தெனம் வருது. அன்னிக்கு நான் போன நெச நேரத்தை என் பேர்ல எங்கக்கா எழுதணும்?"

"உன் ஃபோன்ல ஈமெயில் இருக்கா?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"இருக்கு. ஊருக்குப் பேசறதுக்குத் தொறந்தது."

"அது போதும். அதுவும் சும்மாதான் கெடைச்சுது."

மூன்று மணிக்குள் லோகேஸ்வரி பதினைந்து பேரின் ஈமெயிலையும் ஷீட்டில் சேர்த்துவிட்டாள். அந்த 7.50 பக்கத்தை ஆளாளுக்குப் படம் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாகத் தாமரையைக் கூப்பிட்டாள். எதையும் மறைக்காமல் தன் கையைப் பற்றியும் சொன்னாள்.

"ஆன்டி, அம்மா திருடலைன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்மா. உங்கம்மா கணக்கு இனிமே உன்னோடது. பாஸ்வேர்டை மாத்திடு. எனக்குக்கூடச் சொல்லாத."

சுவரில் ஒட்டியிருந்த தாளை உரித்தெடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாலே முக்காலுக்குச் சிவநேசன் வந்தார். "முடிஞ்சுதா?"

"புதுசுல ஏத்திட்டேன் பாஸ்."

"அழிச்சிட்டியா?"

"இல்ல. அது கம்பெனி சாமான் இல்ல பாஸ். மலரோட சொந்தக் கணக்கு. இப்ப தாமரையோடது. நீங்க ஒரு காசும் கட்டலையே."

அவர் முகம் மாறியது. குரல் இறங்கியது. "லோகா, தட்டுனது உன் கை. ஞாபகம் இருக்குல்ல? ஆபீசர்கிட்ட நான் சொல்லவா?"

"நானே சொல்றேன். யார் ஃபோன்ல சொல்லித் தட்டுனேன்னும் சேத்துச் சொல்றேன்."

"நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல!"

கண்ணாடிக் கதவு திறந்தது. கண்ணம்மா நின்றாள், அவள் பின்னால் வாசு, அவன் பின்னால் மற்றவர்கள். மிளகாய் நெடி அறைக்குள் வந்ததும் சிவநேசன் இருமினார்.

"அப்போ எங்க எல்லாருக்குமே நாளைக்கு லீவுன்னு போடுங்க பாஸ்," என்றாள் கண்ணம்மா. "உங்க புதுசுலயே போடுங்க. அழகா வரும்."

"என்னா, யூனியனா? ரஃபீக், நீயுமா? உன் பெர்மிட் பேப்பர் என் மேசையில இருக்கு, தெரியும்ல?"

ரஃபீக் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். "தெரியும் பாஸ். மஞ்சள் எட்டு அடுக்கிட்டேன். ஒன்பதாவது மூட்டை தரையிலதான் இருக்கு. இனிமே அங்கதான் இருக்கும்."

சிவநேசன் யாரையோ ஃபோனில் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனார். வக்கீலாக இருக்கலாம். நாளைக்கு என்ன ஆகுமென்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. வாசு ரஃபீக்கின் தோளில் கை போட்டுக்கொண்டான்.

ஆளாளுக்குக் கைப்பேசியில் ஷீட்டைத் திறந்தார்கள். திரையில் ஒவ்வொன்றாகக் கொடிகள் முளைத்தன. பச்சையில் வாசு. நீலத்தில் முகமது ரஃபீக். ஊதாவில் கண்ணம்மா. நான்கு வருஷத்தில் முதல் முறையாக அவர்கள் தங்கள் சொந்தப் பேரில் அதற்குள் நின்றார்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, அந்தச் செவ்வாய்க்கிழமை தாங்கள் வெளியேறிய நேரத்தை அவரவர் வரியில் எழுதினார்கள். 8.10. 8.30. 9.00.

அப்போது இளஞ்சிவப்புக் கொடி வந்தது. மலர்விழி.

ரஃபீக் ஓர் அடி பின்வாங்கினான். லோகேஸ்வரிக்கும் உடம்பு சிலிர்த்தது. வீட்டில் தாமரை உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தும் சிலிர்த்தது. கொடி மற்ற பதினைந்து வரிகளையும் மெல்லக் கடந்து தன் வரிக்கு வந்து நின்றது. சற்றுத் தயங்கியது. பிறகு 5.00 அழிந்தது. கட்டம் காலியானது.

சுவர்க்கடிகாரத்தில் மணி ஐந்து. யாரும் வெளியேறவில்லை.