கடைசிக் குழி

சகலை சட்டைப் பையிலிருந்து எடுத்து விட்டெறிந்த காசு, மேசை மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தள்ளாடி, கப்பல் பக்கம் மேலாகப் படுத்தது.

"இந்தாங்க சகலை. உங்க குழி எத்தன வருசமா வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. அடைச்சு விடுங்க."

பாலிஷ்காரன் உடனே அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தான். பிறகு நகத்தால் புரட்டிப் போட்டு மறுபக்கத்தில் வருடத்தைப் படித்தான். வேலைநிறுத்த வருடம்தான்.

கப்பல் காசு புழக்கத்திலிருந்து போய் வெகுகாலமாகிவிட்டது. பித்தளை நிறத்தில் ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மறுபக்கம் வருடம். வருடத்துக்கு ஒன்றாக எல்லா வருடத்துக் கப்பலையும் சேர்ப்பதுதான் அவன் கணக்கு. அதற்கென்று தடித்த அட்டையில் வட்டம் வட்டமாகக் குழி வெட்டிய ஓர் ஆல்பம் வைத்திருந்தான். குழி இறுக்கமாக இருக்கும். காசை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால்தான் உள்ளே போய் உட்காரும். எல்லாக் குழியும் நிறைந்து ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது. அந்த வருடம் நாணயம் அடிக்கும் ஆலையில் தொழிலாளிகள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அடித்தது கொஞ்சம், அதில் தப்பிப் பிழைத்தது அதிலும் கொஞ்சம். அந்தக் காசுக்காக அவன் பார்க்காத கடைக் கல்லா இல்லை. பட்டறைக்கு உருக்க வரும் ஓட்டைப் பித்தளை மூட்டைகளைக்கூடக் கிளறியிருக்கிறான். விலைக்கு வாங்குவதில்லை என்று ஒரு வைராக்கியம் வேறு. வாங்கப் பணமும் இல்லை என்பதை வைராக்கியத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

"உங்களுக்கு?" என்று கேட்டான்.

"எனக்கு நல்லது கெடச்சிருச்சு. ஒரு கை படாத காசு, ஆலையிலேருந்து நேரா வந்த மாதிரி. இது சும்மாதான கெடக்கு." சகலை நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். "சேக்குற வேல முடிஞ்சுபோச்சு சகலை. இனிமே தரம் ஏத்துறதுதான்."

தரம் ஏற்றுவது. அந்தச் சொல் பாலிஷ்காரன் காதுக்குள் இரும்புத்தூள் போல் போய் உட்கார்ந்தது.

இத்தனைக்கும் இந்தப் பைத்தியத்தை அவருக்குப் பிடிக்கவைத்தவன் இவன்தான். மனைவியின் அக்கா வீட்டுக்காரர் அவர். பஸ் டிப்போவில் கேஷியர். சாக்குச் சாக்காய்ச் சில்லறை எண்ணுகிற கை. முதன்முதலாக ஆல்பத்தைப் பார்த்தபோது, "செல்லாத காசுக்கு அட்டையில வீடு கட்டிக் குடுத்திருக்கீங்களா?" என்று சிரித்தார். பிறகு டிப்போவின் பழைய பெட்டிகளைத் திறந்து தானும் பொறுக்கத் தொடங்கினார். பிறகு வாங்கத் தொடங்கினார். தேய்ந்ததைத் தள்ளிவிட்டுத் தேயாதது, தேயாததைத் தள்ளிவிட்டுப் பளபளப்பு, பளபளப்பையும் தள்ளிவிட்டு மனிதக் கையே படாதது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பி. இவன் வெட்டிய ஒற்றையடிப் பாதையில் அவர் காரை ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். போகிறபோது ஹாரன் வேறு.

உள்ளேயிருந்து வந்த மனைவி மேசையைப் பார்த்தாள். "ஏங்க, இதானே நீங்க தேடிக்கிட்டிருந்தது? மாமா குடுத்தாரா? அப்பாடா, முடிஞ்சுதா! அப்ப ஜன்னலோர மேச எனக்கு. நீங்கதான் சொன்னீங்க, கடைசிக் காசு கெடச்சா மேசைய விட்டுத் தர்றேன்னு."

"சொன்னேன்."

"மாமா சாட்சி."

"நான் சாட்சி," என்று சகலை கையைத் தூக்கினார். அவருக்கு எதிலும் ஒரு பங்கு இருக்கும்.

அன்று சாயங்காலமே தையல் மெஷின் ஜன்னலோரம் வந்துவிட்டது. பாலிஷ்காரன் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். அந்தக் கட்டில் அக்கா வீட்டிலிருந்து வந்தது. தலைக்கு மேல் கடகடவென்று சுற்றும் மின்விசிறி அக்கா வீட்டிலிருந்து வந்தது. கதவு ஒழுங்காக மூடாத ஃபிரிட்ஜும் அப்படித்தான். அங்கே புதுசு வந்தால் இங்கே பழசு வரும். அது ஆற்றுநீர் பள்ளத்துக்கு இறங்குவது போல, யாரும் தப்புச் சொல்ல முடியாத ஏற்பாடு. மகள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகும் பாவாடையின் மடிப்பைப் பிரித்தால் பெரியம்மா மகளின் பழைய தையல் தெரியும். அந்த வீட்டில் அக்கா வீட்டுப் பழசு நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் இப்போது அவன் தன் கட்டைவிரலாலேயே அழுத்தி அடைத்தான். டக்கென்று காசு உட்கார்ந்தது.

முடிந்துவிட்டது. ஆனால் நிறைந்த மாதிரி இல்லை.

*

அவன் வேலை பித்தளைக் கைப்பிடிகளுக்குப் பாலிஷ் போடுவது. தடதடவென்று சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகுச் சோப்புக் கட்டியைத் தேய்த்து, கைப்பிடியை அதில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையுறை போடக் கூடாது. போட்டால் சக்கரம் துணியைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப் போன கைகள் அவனுக்குத் தெரியும். வெறுங்கையில் பிடிப்பதில், சக்கரம் பித்தளையோடு சேர்த்து விரலையும் மெருகேற்றிவிடுகிறது. பட்டறையில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் மெஷின் மாட்டியபோது அவன் விரலை மட்டும் அது ஏற்றுக்கொள்ளவே இல்லை. துடைத்து வைத்தான், நனைத்து வைத்தான், சூப்பர்வைசர் அவன் விரலைப் பிடித்து அழுத்தினார். சிவப்பு விளக்குதான். கட்டைவிரலில் ஒரு கோடுகூட இல்லை, கூழாங்கல் மாதிரி. அன்றிலிருந்து தினமும் சூப்பர்வைசரிடம் போய் நின்று கையெழுத்துப் போடுகிறான்.

ஒரு கல்யாண வீட்டில் இந்தக் கதையைச் சகலை பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். "எங்க சகலை பேங்கையே கொள்ளையடிச்சாலும் போலீஸால புடிக்க முடியாது! ரேகையே இல்லாத மனுசன்!" எல்லோரும் சிரித்தார்கள். பாலிஷ்காரனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு கதை சொல்வார்.

குழி அடைந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சகலை வீட்டுக்குப் போனான். அவருடைய அந்தக் கை படாத காசைப் பார்க்காமல் அவனால் பட்டறையில் நிற்க முடியவில்லை. வயிறெரிச்சல்காரனுக்குத் தன் கண்ணாலேயே பார்த்து எரிய வேண்டும்.

சகலைக்கு அது சந்தோஷம்தான். மேசை மேல் வெல்வெட் துணி விரித்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். டப்பியைத் திறந்து, காசை விளிம்பில் பிடித்து எடுத்துத் துணியில் வைத்து, லென்ஸை நீட்டினார்.

"மூச்சு படாம பாருங்க."

பார்த்தான். பாய்மரக் கயிறு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அலையின் நுனி கூட மழுங்கவில்லை. பிறகு கப்பலின் பின்பக்கத்தில் என்னவோ நின்றது. லென்ஸை இன்னும் தாழ்த்தினான். ஓர் ஆள். அரிசி நொய் அளவுக்கு ஓர் ஆள், சுக்கானைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி நின்றான்.

"ஆள் இருக்கான்," என்றான் பாலிஷ்காரன்.

"பின்ன? ஆளில்லாம கப்பல் போகுமா? தேஞ்சதுல தெரியாது. மொதல்ல தேயறதே அவன்தான்."

பாலிஷ்காரன் தலையை ஆட்டினான். எத்தனை வருடமாக எத்தனை கப்பல். அழுக்கு எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, மகளுக்குக் காட்டி. அதில் சிலது தேய்ந்து செருப்பு மாதிரிகூட இருக்கும். ஒன்றிலாவது ஆள் இருப்பதாகத் தெரிந்ததில்லை. இருக்கிறான் என்றுகூடத் தெரியாமல் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தான். சகலைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆளில்லாத கப்பலைக் கொண்டுவந்து மேசையில் வீசிவிட்டுப் போயிருக்கிறார்.

பின்பக்கத்திலிருந்து சகலையின் வீட்டுக்காரி கத்தினாள். "ஏங்க, டேங்க் வழியுது! மோட்டார நிறுத்துங்க!"

"இந்தா வந்துட்டேன். தொட்டுராதீங்க சகலை," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

தண்ணீர் மொட்டைமாடியிலிருந்து தாரையாக விழும் சத்தம் கேட்டது. பாலிஷ்காரன் வலது கட்டைவிரலைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோய், வியர்வையில் ஒரு தடவு தடவினான். அந்த ஆளின் மேல் வைத்து அழுத்தினான். காசைக் குழியில் உட்கார வைப்பது போல. எடுத்தான்.

ஒன்றும் தெரியவில்லை. இன்று தெரியாது. இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. பாலிஷ் முடிந்த கைப்பிடியை வியர்த்த விரலால் தொட்டுவிட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது. காகிதம் சுற்றிப் பெட்டியில் போய், கடைக்காரன் பிரித்துப் பார்க்கிற அன்றைக்கு விரல் பழுப்பாக முளைத்திருக்கும். பூஞ்சை மாதிரி உலோகத்துக்குள்ளிருந்து வரும். பிறகு துடைத்தாலும் போகாது. போனாலும் அவன் கை என்று யார் சொல்ல முடியும்? ரேகையே இல்லாத மனுசன்.

மோட்டார் நின்றது. சகலை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், திரும்பவும் கையுறை போட்டார், காசை டப்பியில் வைத்து மூடினார். டப்பி பொருந்துகிற சத்தம் கேட்டது.

"இனிமே காத்துகூட உள்ள போவாது," என்றார்.

*

கொஞ்ச நாள் அவன் நன்றாகத் தூங்கினான். பட்டறையில் பாட்டுக்கூட முணுமுணுத்தான். "என்னப்பா, லாட்டரி கீட்டரி விழுந்துருச்சா?" என்று பக்கத்துச் சக்கரத்துக்காரர் கேட்டார். பிறகு தூக்கம் கெட்டது. இப்போது முளைக்க ஆரம்பித்திருக்கும், இப்போது விளிம்பு கருத்திருக்கும் என்று நினைப்பு அதிலேயே போய் நின்றது. சகலையை எங்கே பார்த்தாலும் அவர் முகத்தில் தேடினான். அவர் எப்போதும்போல எல்லோர் கதையையும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தவன் காசு கெடுவதற்கு இவன் காவல் கிடக்க வேண்டியதாகிவிட்டது.

ஒரு மத்தியானம் சகலை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். மனைவி தையலை நிறுத்தி, "வாங்க மாமா. உக்காருங்க, டீ போடுறேன்," என்று எழுந்து போனாள். அவர் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். பாதி தைத்த துணியைத் தள்ளி வைத்துவிட்டு டப்பியை எடுத்து வைத்தார். பக்கத்தில் லென்ஸை வைத்தார்.

"பாருங்க."

பாலிஷ்காரன் பார்த்தான். ஆள் இருந்த இடத்தில் காப்பிக் கறை மாதிரி, முட்டை வடிவத்தில், பழுப்பாக ஒன்று முளைத்திருந்தது. கயிறுகளில் பாதியையும் அது தின்றிருந்தது.

"மொதல்ல என் கைன்னுதான் நெனச்சேன்," என்றார் சகலை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "மசி தடவி, பேப்பர்ல வச்சுப் பாத்தேன். எனக்குக் கோடு கோடா விழுது. வீட்டுல அவளுக்கும் கோடு விழுது." டப்பியைக் காட்டினார். "இதுல கோடு இல்ல சகலை."

சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பாலிஷ்காரன் வலது கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனான். கொண்டுபோனதை அவர் பார்த்தார்.

"பாலிஷ் போட்டா போயிரும்," என்றான்.

"போயிரும். அந்த ஆளும் சேந்து போயிருவான்."

எந்தச் சண்டைக்கும் அவன் தயாராகத்தான் இருந்தான். சட்டையைப் பிடித்தால் பிடிக்க இவனுக்கும் கை இருந்தது. ஆனால் சகலை முகத்தில் கோபத்தைக் காணவில்லை. கணக்கு இடிக்கிற அன்றைக்கு டிப்போவில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கல்யாண வீட்டுல சொன்னேனே, போலீஸு, ரேகன்னு. அதுக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அது கொஞ்சம் மானமுள்ள காரணம். பலபேர் முன்னால் கேலி செய்தார், பதிலுக்குச் செய்தேன் என்று நாளைக்கு யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் காரணத்தை அவரே தட்டில் வைத்து நீட்டுகிறார். அவர் வீட்டுப் பழசு மாதிரி. பாலிஷ்காரன் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

சகலை லென்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு, "நான் குடுத்த பழச எடுத்துட்டு வாங்க," என்றார்.

ஆல்பத்தை எடுத்துவந்தான். பின்பக்கமிருந்து தள்ளினால்தான் காசு வெளியே வரும். தள்ளினான். அது மேசையில் விழுந்தது. சகலை அதை எடுத்து, தேய்ந்த கப்பலைப் பெருவிரலால் ஒரு தடவை தடவி, பஸ் டிக்கெட்டும் சில்லறையும் கிடந்த சட்டைப் பையில் சாதாரணமாகப் போட்டுக்கொண்டார்.

"அப்ப இது?" என்றான் பாலிஷ்காரன்.

"அது உங்களுது. தரம் ஏறுனதா இருக்கட்டும்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கேட் மூடும் சத்தத்துக்குத்தான் மனைவி டம்ளர்களோடு வந்தாள்.

"மாமா எங்க? டீகூடக் குடிக்காமயா போறாரு?" மேசையைப் பார்த்தாள். "இது என்னங்க, தங்கமாட்டம் மின்னுது? அவரோட நல்ல காசா? உங்களுக்கா குடுத்துட்டாரு?"

"ம்."

"பாத்தீங்களா! நீங்க அவர என்னென்னமோ சொல்லுவீங்க. எங்க மாமா மனசு யாருக்கு வரும்?" டம்ளரை வைத்தாள். சட்டென்று சந்தேகம் வந்து, தையல் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஏங்க, அப்ப மறுபடியும் முடியலையா? மேசையத் திருப்பிக் கேப்பீங்களா?"

அவன் டப்பியைத் திறந்தான். காசை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தான். வாழ்நாளில் ஒரு காசை அவன் அப்படிப் பிடித்தது அதுதான் முதல்தடவை. தேய்ந்த கப்பல்களுக்கு நடுவே இருந்த காலிக் குழியின் வாயில் அதை வைத்தான். பொருந்தி நின்றது, உள்ளே இறங்கவில்லை. இறங்காது. அழுத்த வேண்டும்.

"முடிஞ்சுதா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க," என்றாள்.

ஜன்னல் வெயிலில் கப்பல் கண்ணைக் கூசச் செய்தது. அவன் கட்டைவிரலை மேலே கொண்டுபோனான். வேறு எங்கே வைத்து அழுத்தலாம் என்று பார்த்தான். விரல் தானாகப் போய் அந்தப் பழுப்பின் மேலேயே, அளவெடுத்தது போல், நின்றது.