ட்ரயலுக்கு வந்த கணக்கு

புதனும் வெள்ளியும் மாலை நான்கரைக்கு, வேலை முடிந்த கையோடு, பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ‘தன்னார்வலர்’ என்று ஓர் அட்டை உண்டு. இடம், விளையாட்டுச் சாமான் அறை. காற்றுப் போன பந்துகளுக்கு நடுவே நான்கு பெஞ்சு, ஒரு கரும்பலகை.

“சேவைக்கு வந்தவங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்க” என்றார் கணக்கு சார். பண்ணிக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருத்திக்கு ‘ரப்பர்’ என்று பட்டப்பெயர். தையல்காரம்மாவின் மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்தப் புதன்கிழமை சார் அவளுடைய விடைத்தாளை என் முன்னால் போட்டார். பத்துக் கணக்கு, பத்தும் சரி. விடைகள் மட்டும்தான் இருந்தன. ஒரு வரி வழிமுறைகூட இல்லை.

“பாத்து எழுதியிருக்கு. வெள்ளிக்கிழமை டெஸ்ட்ல ஸ்டெப் இல்லன்னா கீழ் செக்‌ஷனுக்குத் தள்ளிடுவேன்.”

கீழ் செக்‌ஷனுக்குப் போனால் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்காது. பரிசோதனைக் கூடமாவது, மண்ணாவது.

எனக்குக் கோபம் வந்தது. அது முதலில் அவள்மேல்தான் பாய்ந்தது. “பாத்து எழுதினியா?”

“இல்லக்கா.”

நம்பவில்லை. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்து, ஒரு பின்னக் கணக்கைக் கொடுத்து, தலைமேலேயே நின்றேன். பென்சிலால் நான்கு வரி எழுதினாள். விடை வந்தது. உடனே ரப்பரை எடுத்து நான்கு வரியையும் அழித்து, தூளை ஊதிவிட்டுத் தாளை நீட்டினாள். விடை சரி.

“ஏன்டி அழிச்ச?”

“முடிஞ்சுடுச்சேக்கா.”

பேனாவைக் கொடுத்தேன். கை ஓடவில்லை. இரண்டு வரி எழுதியவள் விரலை எச்சில் தொட்டுத் தேய்த்ததில் தாள் ஓட்டையானது. பெஞ்சே சிரித்தது. “உன்மேல சந்தேகப்பட்டேன், தப்பு என்னோடது” என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அவள் அம்மாவின் கடைக்குப் போனேன். ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் முழுக்கத் தொங்கும் துணிகள். தையல்காரம்மா ஒரு சட்டைக் காலரில் இருந்த அளவுக்குப் போட்ட சாக்பீஸ் கோட்டைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் மகள் பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“நான்தாம்மா பழக்கினேன். வேலை முடிஞ்சா கோடு தெரியக் கூடாது. தெரிஞ்சா துணிய மூஞ்சியில எறிவாங்க.”

எனக்குச் சுரீர் என்றது. என் அம்மா வீட்டு வேலைக்குப் போனவள். துடைத்த தரையின் ஈரம் காயும்வரை வாசலில் நிற்பாள், காலடித் தடம் விழுந்துவிடக் கூடாதென்று. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கல்லூரி முதல் வருடம் முழுக்க, கேள்வி கேட்டால் நான் யோசிப்பது வெளியே தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தவள். என்னால் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கழுத்தில் அந்த அட்டை எதற்கு?

“ஸ்டெப்புக்கும் மார்க் இருக்குங்க” என்றேன்.

“விடை சரியா இருந்தா அப்புறம் என்னத்துக்கு அது?”

நியாயமான கேள்வி. “எப்படிப் போட்டாள்னு சார் பாக்கணுமாம்” என்று இழுத்தேன்.

தையல்காரம்மா கொக்கியிலிருந்து பாதி தைத்த கோட்டு ஒன்றை எடுத்தார். தோளிலும் இடுப்பிலும் வெள்ளை நூலில் பெரிய பெரிய ஓட்டுத் தையல், பிறகு பிரித்துவிடுவது.

“அப்ப அவர் கேக்குறது ட்ரயல். ட்ரயலுக்குப் போட்டுப் பாக்க ஆள் வர்றப்ப இதைப் பிரிக்க மாட்டோம். எங்க பிடிக்குது, எங்க தொங்குதுன்னு பாக்க வேணாமா?” மேசைக்கு அடியில் குனிந்தார். “ஏய், கேட்டியா? நாளைக்கு ட்ரயல். ரப்பர்ல கைய வெச்ச, பாத்துக்க.”

“இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா” என்றது மேசைக்கு அடியிலிருந்து குரல்.

“எனக்கே இப்பதான் தெரியும்.”

வெள்ளி மாலை சார் தாளோடு நேராகச் சாமான் அறைக்கு வந்தார். பக்கம் நிறைய வழிமுறை, ஒரு வரிகூட அழியவில்லை. எட்டுச் சரி, இரண்டு தப்பு.

“போன தடவை பத்து, இப்ப எட்டு. அப்ப அது எப்படிம்மா வந்துச்சு?”

எனக்குக் கொதித்தது. வாயைத் திறப்பதற்குள் ரப்பர் எழுந்து வந்து தாளில் விரல் வைத்தாள். “மூணாவது வரியில தொங்குது சார். கூட்ட வேண்டியதைக் கழிச்சுட்டேன். அடுத்ததுலயும் அதே இடம்தான்.”

“இதையே போர்டுல போடு, பாப்போம்.”

போட்டாள். இடது கை முதுகுக்குப் பின்னால் பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஐந்து வரி, விடை சரி. சார் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“செக்‌ஷன் மாத்தலை” என்றார். கதவருகே நின்று, “உங்களுக்கு வேற ரூம் இருக்கான்னு பாக்குறேன்மா” என்று சேர்த்துக்கொண்டார். கிடைத்தால் பார்க்கலாம்.

அவர் போனதும் ரப்பர் கரும்பலகை துடைக்கும் துணியைக் கையில் எடுத்தாள். “இப்ப அழிக்கலாமாக்கா?”

“வேணாம். புதன்கிழமை வரைக்கும் கிடக்கட்டும்.”

துணியைப் பந்துக் கூடையில் போட்டுவிட்டு, விளக்கை அணைத்து, அறையைப் பூட்டினேன். ஜன்னல் வழியாக அவள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள்.