பெட்டி சொன்ன மஃரிப்

உள்ளங்கையில் அடங்குகிற கம்ப்யூட்டர் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைக்குக் கிடைக்கும் என்று ஆன நாளிலிருந்து நூருல் அமீனுக்கு நல்ல காலமும் அவர் மனைவி பரீதாவுக்குக் கெட்ட காலமும் சேர்ந்தே பிறந்தன. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒரு பச்சைப் பலகை, அதில் நாலு சில்லு, அவ்வளவுதான். அதை வைத்து என்ன செய்யலாம் என்பதை நாமே யோசித்துக்கொள்ள வேண்டும். கப்பல் கம்பெனி ஆபீஸில் அடுத்தவர் சொன்னதையே காலமெல்லாம் டைப் அடித்துவந்த மனிதருக்கு அந்த ‘நாமே’ தலைக்கேறிவிட்டது.

விலை அதிகமாக இருந்திருந்தால் ஒன்றோடு நின்றிருப்பார். மலிவாகப் போனதுதான் வினை. டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் போனால், அப்படியே ரோச்சோர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் ஓர் எட்டு போய், கஞ்சியோடு ஒரு பலகையும் வாங்கிவருவார். கஞ்சி அன்றைக்கே தீர்ந்துவிடும். பலகை தீராது. பொங்கோலிலுள்ள அவர் வீட்டின் ஷூ அலமாரியில் ஷூவுக்கு இடமில்லாமல் போனது இப்படித்தான். ஒரு பலகை மீன்தொட்டியின் சூட்டை அளந்து அவர் போனுக்குச் சொல்லும்; மீன் செத்த பிறகும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னொன்று, யாராவது வாசற்கதவைத் திறந்தால் ‘கதவு திறந்தது’ என்று திறந்தவரிடமே அறிவிக்கும்.

நோன்பு தொடங்கிய வாரத்தில் பரீதா ஒரு நாள் செருப்பைத் தேடித் தேடி அலுத்துப்போய் வந்து நின்றாள்.

“இந்த நோன்பு முடியறதுக்குள்ள இதுல ஒண்ணாவது வீட்டுக்கு உதவுற மாதிரி ஏதாச்சும் செய்யட்டும். இல்லேன்னா பெருநாளைக்கு வீடு கிளீன் பண்றப்ப எல்லாத்தையும் காராங்குனிகிட்ட தூக்கிக் கொடுத்துடுவேன். சொல்லிட்டேன்.”

காராங்குனிக்காரர் ப்ளாக் ப்ளாக்காக ஹாரன் அடித்துக்கொண்டு வந்து பழைய சாமான் எடுக்கிறவர். பரீதா சொன்னதைச் செய்கிறவள். அமீனுக்குப் பலகைகள் போய்விடுமே என்ற பயம் பாதி. கல்யாணமானதிலிருந்து தான் செய்த எதையும் அவள் ஒரு தடவைகூட ‘நல்லாருக்கு’ என்று சொன்னதில்லை என்ற வருத்தம் மீதி. அந்த ஒரு சொல்லை இந்த நோன்புக்குள் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

நோன்பு திறக்கும் நேரம் வந்ததும், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைத் தானே சொல்லும் பெட்டி. இதுதான் திட்டம்.

“அத்தா, என் போனே சொல்லுதே லா,” என்றாள் மகள் ருக்சார்.

“போன் எல்லார் வீட்டுலயும் சொல்லும். இது நம்ம வீட்டுது.”

ருக்சார் படிக்கப் போய்விட்டாள்.

அரங்கேற்றத்துக்கு ஒரு சனிக்கிழமை குறிக்கப்பட்டது. பரீதாவின் அண்ணன் ஜாஃபரும் அவர் மனைவி ஹலீமாவும் ஈசூனிலிருந்து நோன்பு திறக்க வருகிறார்கள். ஜாஃபர் பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். தொழுகை நேரத்தில் அரை நிமிடம் பிசகினாலும் முகம் சுண்டிப்போகும். அவர் தலையாட்டிவிட்டால் தங்கை தலையாட்டாமலா இருப்பாள்? அமீனின் கணக்கு அது.

அன்று பிற்பகல் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார். இந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக மணி தெரியாது, இன்டர்நெட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். மாலைவரை காத்திருக்க அமீனுக்கு ஏது பொறுமை? இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, நோன்பு திறக்கும் மஃரிப் தொழுகை நேரம் வந்துவிட்டதாகப் பெட்டிக்கு ஒரு பொய்மணி கொடுத்தார். கணீரென்று பாங்கு கிளம்பியது. அமீனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு நிமிர்ந்து, ஹால் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பெட்டியின் மணியைப் பழையபடி திருத்தினார். இன்டர்நெட்டைத் திரும்ப இணைக்க வேண்டும் என்பது நினைவிலேயே இல்லை. பிறகு, வீட்டில் இனி இது எதற்கு என்று அந்தக் கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, அதே ஆணியில் பெட்டியை மாட்டினார்.

மாலையில் நல்ல மழை. ஏழுக்கு மேல் இருட்டுகிற ஊரில் ஆறரைக்கே வெளியே இருட்டிவிட்டது. அமீன் ஒரு பிரம்புக்கூடையோடு வந்து எல்லோருடைய போன்களையும் கேட்டு வாங்கினார். டிவியை அணைத்தார். ஜாஃபர் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் தங்கை வீட்டு மாப்பிள்ளை ஆசையாகக் கேட்கிறாரே என்று போனைக் கூடையில் போட்டார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, கண்ணாடி ஜாடியில் ரோஸ் பால். பேச்சு அடங்கிய நேரத்தில் பெட்டி பாங்கு சொன்னது. ஜாஃபர் துஆ ஓதிப் பழத்தை வாயில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

“மாஷா அல்லாஹ், சத்தம் நல்லா கிளியரா இருக்கு மாப்பிள்ளை.”

அமீன் பரீதாவைப் பார்த்தார். அவள் உதட்டில் ஏதோ ஒன்று மலரத் தொடங்கியிருந்தது, சத்தியமாக. ஹலீமா இரண்டாவது கிண்ணம் கஞ்சி ஊற்றிக்கொண்டாள். ஜாஃபர் மூன்றாவது வடையைக் கடித்தார்.

அப்போது கூடைக்குள்ளிருந்து ஒரு போன் பாங்கு சொன்னது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து.

ஜாஃபருக்கு வாயிலிருந்த வடையை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ருக்சார்தான் எழுந்துபோய்த் தன் போனையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அத்தா, எந்த கிளாக் பார்த்து இதுக்கு டைம் வச்சீங்க?”

“ஹால் கிளாக்,” என்று சொல்லும்போதே அமீனுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். அவர் ரயிலைத் தவறவிடக் கூடாதென்று பரீதாவே அப்படி வைத்தது. தினமும் காலையில் பத்தைக் கழித்துப் பார்த்து, இன்னும் நேரமிருக்கிறது என்று உட்கார்ந்து காப்பி குடிப்பவரே அவர்தான். பெட்டிக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர் அந்தக் கழித்தலைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜாஃபர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“தெரியாம நடந்தது, குத்தமில்ல. ஆனா இன்னிக்கு வச்ச நோன்பு செல்லாது. பெருநாள் கழிச்சு எல்லாரும் ஒரு நாள் களா வச்சுடணும்.” தவறிய நோன்பைப் பிறகொரு நாள் ஈடுசெய்யும் களா நோன்பைச் சொல்கிறார். “ஒரே நாள்ல சேர்ந்து வச்சுடுவோம். நோன்பு திறக்க எங்க வீட்டுக்கு வாங்க.” எங்க வீட்டுக்கு என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அமீன் ஷூ அலமாரியைக் காலி செய்தார். எல்லாப் பலகைகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, பரீதா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

“இந்தா. பெருநாள்வரைக்கும் காத்திருக்க வேணாம்.”

அவள் பையைப் பார்க்கவில்லை. “வருஷா வருஷம் பெருநாள் கழிச்சு நான் களா வைப்பேன், தெரியுமா?”

பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு இல்லை. அதைப் பிறகு வைக்க வேண்டும். தெரியாமல் என்ன? ஆனால் எந்த நாளில், எத்தனை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“தனியா எந்திரிச்சு, தனியா சாப்பிட்டு, தனியாத்தான் வைப்பேன். பகல்ல நீங்க எதிர்ல உக்காந்து நாசி லெமாக் சாப்பிடுவீங்க. சம்பல் கொஞ்சம் எடுத்துட்டு வான்னு என்கிட்டயே கேப்பீங்க.” குரலில் கோபம் இல்லை. “இத்தனை வருஷத்துல இப்பதான் என்கூட துணைக்கு ஆள் வருது. ஜாஃபர் நானா வர்றாங்க, ஹலீமா மச்சி வர்றாங்க, நீங்க வர்றீங்க. நல்லாருக்கு.”

அமீன் காலமெல்லாம் காத்திருந்த சொல் வந்தேவிட்டது. அவரால் சந்தோஷப்பட முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

“அந்த ஒரு நாள் சரி,” என்றாள் அவள், தட்டை அலசிக்கொண்டே. “எனக்கு அதுக்கு மேல இன்னும் ஆறு நாள் இருக்கு.”

ஆறு நாளும் அவளை எழுப்ப ஒரு அலாரம் செய்து தருகிறேன் என்று சொல்ல அமீன் வாயைத் திறந்தார். நல்லவேளை, மூடிக்கொண்டார்.

“அதையும் நான் கூட வைக்கிறேன்.”

“பார்ப்போம்,” என்று சொல்லிவிட்டு பரீதா அடுத்த தட்டை எடுத்தாள். அமீன் பலகைப் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் அலசி வைத்த தட்டைத் துடைக்க எடுத்தார்.