எண்ணிப் போட்ட தீனி

கம்பவுண்டர் வீட்டுக் கூடத்தில் இருந்த மீன் தொட்டிக்கு அவர் மனைவி வைத்திருந்த பெயர் 'சக்களத்தி வீடு'. வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த இந்த ஒரு வருஷத்தில், கட்டின பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட அந்த இரண்டடிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்த நேரம்தான் அவருக்கு அதிகம். உள்ளே கறுப்பு மணல், நாலைந்து செடி, சாய்த்துப் போட்ட ஒரு சின்னப் பூந்தொட்டி. அந்தப் பூந்தொட்டிக்குள் ஒரு ஜோடி கிரிப் மீன்கள் குடித்தனம் நடத்தின. சிக்லிட் இனத்தில் விரல் நீளத்துக்கு மேல் வளராத வகை. ஆணைவிடப் பெண்ணுக்குத்தான் அழகு. முட்டையிடும் பருவத்தில் அதன் வயிறு கத்திரிப்பூ நிறத்தில் மின்னும். அதுதான் சக்களத்தி. ஆணுக்குப் பெயர் மாப்பிள்ளை.

"உங்க மாப்பிள்ளை எவ்வளவோ தேவல. பெண்டாட்டி சொன்னா மறுபேச்சு பேசறதில்ல."

"வாயில தண்ணிய வச்சுக்கிட்டு எப்படிப் பேசுவான்?" என்பார் அவர்.

மருந்துக் கடையில் முப்பத்து நாலு வருஷம் மாத்திரை எண்ணிய கை அது. மீனுக்கும் அதே கணக்குதான். காலையில் தலைக்கு நாலு குருணை, சாயங்காலம் நாலு. சனிக்கிழமை தவறாமல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவார். புதுத் தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்துவிடுவார். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி மறந்து போனாலும் போகும், மீனுக்கு வேளை தப்பாது.

அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததுமே ஊசிப்போன வாடை அடித்தது. தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. மூன்று வாரமாகத் தாயும் தகப்பனும் முன்னும் பின்னுமாக நின்று மேய்த்துக்கொண்டிருந்த இருபது குஞ்சுகளும் மணலில் பொடிப்பொடியாகச் செத்துக் கிடந்தன.

"கடைக்காரன் கெட்டுப்போன தீனியக் குடுத்துட்டான். நேர்ல போயி நாலு வார்த்தை நாக்கப் பிடுங்கற மாதிரி கேட்டுட்டு வந்தேன்" என்றார் கம்பவுண்டர். யாரையும் அதட்டிப் பேசி அறியாத மனுஷன் அவர்.

மறுநாள் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் சாக்கில் அவள் மீன் கடைக்குப் போனாள். கடைக்காரன் ஒரு சின்னக் குப்பியில் அந்தத் தண்ணீரை ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினான். கரும்பச்சையாக மாறியது.

"தண்ணி விஷமாயிடுச்சு அக்கா. மீன் தின்னது போக மிச்சத் தீனி அழுகினா இப்படித்தான் ஆகும்."

"அவரா அதிகமாப் போடுறாரு? எண்ணி எண்ணிப் போடுற ஆளுப்பா."

கடைக்காரன் குப்பியைக் கீழே வைத்தான். "சொன்னாத் தப்பா நினைக்காதீங்க. மூணு மாசத்துக்கு வர்ற டப்பா. சார் இந்த மாசம் மட்டும் நாலு வாங்கிட்டாரு. ஒவ்வொரு தடவையும், தீனி தீர்ந்து ரொம்ப நாளாச்சுப்பான்னு சொல்லித்தான் வாங்குறாரு."

அவள் அடுத்த நாள் விடுப்புப் போட்டாள். அவரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, சமையலறை வாசலில் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எட்டரைக்கு அவர் தீனி போட்டார். ஒன்பதுக்கு எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டி, உள்ளங்கையில் குருணையைக் கொட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணிப் போட்டார். செய்தித்தாளை விரித்தார், மடித்தார். ஒன்பதே காலுக்கு மறுபடியும் எழுந்தார். அதே கண்ணாடி, அதே எண்ணிக்கை, "பசிக்குதா, வாங்க வாங்க" என்ற அதே கொஞ்சல். ஒரு குருணைகூடக் கூடவில்லை, குறையவில்லை. பதினோரு மணிக்குள் ஆறு தடவை. ஆய்ந்த கீரையைத் தண்டோடு சேர்த்து மறுபடியும் கூடையில் போட்டுக்கொண்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

ஏழாவது தடவை அவர் டப்பாவைத் திறந்தபோது பொறுக்க முடியவில்லை. "ஏங்க, இப்பத்தானே போட்டீங்க?"

"யாரு போட்டா? காலையிலேருந்து பட்டினி கிடக்குதுங்க. வாயில்லா ஜீவன்னா உனக்கு அவ்வளவு எளக்காரமா?"

சத்தமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் பார்வை டப்பாவுக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு மூன்று தடவை போய் வந்தது. தண்ணீர்மேல் குருணைகள் மிதந்துகொண்டிருந்தன. டப்பாவை மெதுவாக மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே அவள் பழைய மருந்துக் கடைக்குப் போனாள். மூட்டு வலி, நின்று வேலை பார்க்க முடியவில்லை என்று சொல்லித்தான் அவர் வேலையை விட்டிருந்தார். கடை முதலாளி அவளை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார்.

"மூட்டு வலியா? அப்படியா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டுக் கல்லாவைச் சாத்தினார். "ஒரு அம்மாவுக்கு ஒரே மருந்த ரெண்டு தடவ கட்டிக் குடுத்துட்டாரும்மா. அந்தம்மா கவனிச்சு திருப்பிக் கொண்டாந்தாங்க, ஒண்ணும் ஆகல. நான் கண்டுக்கவே இல்ல. அவருதான் சாயங்காலம் சாவிய மேசைல வச்சாரு. என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல, என்னைய அனுப்பிடுங்கன்னாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நினைச்சேன்?"

ஆக, ஒரு வருஷமாக அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே கூரையின் கீழ், ஒரே சோற்றைப் பகிர்ந்து தின்றுகொண்டு, அவர் அதைத் தனியாகச் சுமந்திருந்தார். வீடு திரும்பும் வழியில் அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை வீட்டு வாசலில்தான் வந்தது.

டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்து, "இத ராத்திரியில குடுக்கணும், பகல்ல குடுத்தா தலை சுத்தும்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

தொட்டியைத் தேற்ற அவள் தினமும் இரண்டு வாளித் தண்ணீர் மாற்றினாள். தீனி டப்பாவைப் பரணில் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். அங்கேதான் தப்புச் செய்தாள். மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போனபின் அவர் வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். டப்பா கிடைக்கவில்லை. மீன் பட்டினி கிடக்கிறதே என்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டை நுணுக்கி, அதையும் எண்ணாமல் அப்படியே போட்டுவிட்டார்.

சாயங்காலம் அவள் வந்து பார்த்தபோது சக்களத்தி பூந்தொட்டிக்குள் மல்லாந்து கிடந்தது. வயிற்று நிறம் வெளுத்துவிட்டிருந்தது. வாசலில் மாப்பிள்ளை செவுள் விரிய மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. வலையை உள்ளே விட்டால் முட்டித் தள்ளியது. இடது கையால் அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டியால் பெண் மீனை வெளியே எடுத்தாள். சக்களத்தி சக்களத்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டதெல்லாம் அவள் நெஞ்சை அறுத்தது.

"ஏங்க, வேலைய விட்ட அன்னைக்கே ஏன் என்கிட்ட சொல்லல?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தெளிவாக இருந்த வேளையில் கேட்டாள்.

"சொன்னா நீ பயப்படுவ. உன் மூஞ்சியப் பாத்து நானும் பயப்படணும். நீ சிரிச்சுக்கிட்டு இருந்தது எனக்குத் தெம்பா இருந்துச்சு."

விருப்ப ஓய்வுக்கு அவள் எழுதிக் கொடுத்தாள். உத்தரவு வரும்வரை மீதமிருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள். தினமும் காலையில் அவர் தொட்டி முன் குனிந்து, "பொண்ணு எங்க?" என்று கேட்பார். செத்துப்போச்சு என்று அவள் உண்மையைச் சொல்வாள். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுச் சாவு. "எப்ப? எப்படி? நான் என்ன பண்ணேன்?" என்று கண் கலங்கி உட்கார்ந்துவிடுவார். நாலாம் நாள் அவளுக்குத் தாளவில்லை.

"உள்ள முட்டை போட்டிருக்குங்க. வெளிய வராது."

அவர் முகம் மலர்ந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார். "சத்தம் போடாத, பயந்தா முட்டையத் தின்னுடும்" என்று கிசுகிசுத்தார். அன்று முழுக்கக் கூடத்தில் நுனிக்காலில் நடந்தார். அவளும் நுனிக்காலில் நடந்தாள்.

ஐந்து மாதம் அந்தப் பொய்யே அவர்களுக்குக் காலை வணக்கமாக இருந்தது. பிறகு ஒரு நாள் அவர் தொட்டிப் பக்கம் போகாமல் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்பார் என்று அவள் காபியோடு நின்றுகொண்டிருந்தாள். காபி ஆறியது. கடைசியில் அவளே குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஏங்க, உள்ள முட்டை போட்டிருக்கு" என்றாள்.

அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். "எதுக்குள்ள?" என்று கேட்டார்.