ஊர் சுற்றிக் காட்டிய கிழமை

கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு நாட்களாக ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் மகன் வீட்டுச் சோபாவைத் தவிர வேறொன்றையும் கண்டிராத மங்கையற்கரசிக்கும் சண்முகநாதனுக்கும் திடீரென்று ராஜமரியாதை தொடங்கியது. ஞாயிறு சி.என். கோபுரம், திங்கள் நயாகரா, புதன் தீவுக்குப் படகு. "அடுத்த கிழமை பாப்பம்" என்றே காலத்தைக் கடத்திய மகன் கிருபன், கேட்காமலே லீவு போட்டுவிட்டுக் கார்த் திறப்பைக் கையில் ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

மகனுக்கு வந்த இந்தக் கரிசனத்தின் காரணம் மங்கையற்கரசிக்குத் தெரியும். அந்த ஞாயிறு காலை, சண்முகநாதன் மேலே முகம் மழித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கிருபன் அவளைப் பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிப்போய், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சித்தப்பா செத்துப்போனார் என்று சொன்னான். சித்தப்பா என்றால் அன்புராசா. சண்முகநாதனின் ஒரே தம்பி. மே பன்னிரண்டாம் திகதி முள்ளிவாய்க்காலில் செல் குண்டு விழுந்திருக்கிறது. தப்பி வவுனியாவுக்கு வந்த ஒருவர் கண்ணால் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

அவள் வாயைத் திறந்தாள். கிருபன் தன் கையால் பொத்தினான்.

"அம்மா, அப்பாவுக்கு இப்ப சொல்லவேண்டாம். சனிக்கிழமை முடியட்டும்."

சனிக்கிழமை பேத்தி அட்சயாவின் அரங்கேற்றம். அதைப் பார்க்கத்தான் இரண்டுபேரும் கொழும்பிலிருந்து வந்தார்கள். ஒன்பது வருடம் ஆடிப் பழகிய பிள்ளை. சென்னையிலிருந்து மிருதங்கக்காரர் வந்து இறங்கியாயிற்று, ஐந்நூறு பேருக்கு அழைப்பும் போயாயிற்று. அப்பப்பாவின் தம்பி செத்தால் வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியம் வைக்கக்கூடாது. கிருபன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். தூரத்தில் இருப்பவனுக்குச் செய்தி காதில் விழுந்த நாளிலிருந்துதான் துடக்கு என்று அப்பாவே சொல்வாராம். அவர் காதில் விழாவிட்டால் துடக்கே இல்லையாம்.

உன்ரை காதில விழுந்திட்டுதே, அதுக்கு என்ன செய்யப்போறாய் என்று அவள் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. சலங்கையைக் கட்டிக்கொண்டு வீடு முழுக்கத் திரியும் பேத்தியின் முகம் முன்னுக்கு வந்து நின்றது. தலையை ஆட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. அன்று பின்னேரமே பூப்போட்ட சேலை உடுத்திக்கொண்டு கோபுரம் பார்க்கப் போனாள்.

வீட்டில் இருந்தால் தொலைக்காட்சி சொல்லிவிடும், வானொலி சொல்லிவிடும், இழவு விசாரிக்க வருகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் ஊர் சுற்றல். தமிழர் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கூட்டிப்போகவேண்டும். ரொறன்ரோவில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? கோபுரத்துக்குப் போகிற வழியில் யூனிவர்சிற்றி அவெனியூ நிறையச் சனம், கையில் படங்களோடும் கொடிகளோடும், ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றது. அரை மணித்தியாலம் தானும் நின்றுவிட்டு வருவதாகச் சண்முகநாதன் சொன்னார். விசிற்றர் விசாவில் வந்தவர் நின்றால் பிரச்சினை என்று சொல்லிக் கிருபன் காரைத் திருப்பினான்.

கோபுரத்தின் உச்சியில் கண்ணாடித் தரை ஒன்று இருக்கிறது. அதில் நின்றால் கீழே ரோட்டில் போகும் கார்கள் காலுக்கடியில் ஊர்வது தெரியும். சண்முகநாதன் அதன் நடுவில் போய் நின்றுகொண்டு, "என்ன யோசிக்கிறாய், மங்கை?" என்று கேட்டார். கால் கூசுகிறது என்று அவள் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியச் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. கிருபன் அதைக் கராஜுக்குள் கார் ரேடியோவில் கேட்டான். ரேடியோவை நிற்பாட்டிவிட்டுச் சாண்ட்விச் பெட்டியைக் காரில் ஏற்றினான். நயாகராவில் நீல பிளாஸ்டிக் மழைச்சட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் படகில் ஏறினார்கள். அருவிக்குக் கிட்டப் போனதும் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. சண்முகநாதன் அவள் காதோடு குனிந்து, "இஞ்சை ஒருத்தர் கத்தி அழுதாலும் ஆருக்கும் தெரியாது" என்றார். அவள் "நல்ல கதை" என்று சொல்லி, கமராவைத் தூக்கிப் பிடித்த மகனைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். அந்தப் படம் திறமாக வந்திருந்தது. மருமகள் அதைப் பெரிதாக்கி ஃபிரேம் போடவேண்டும் என்றாள்.

வியாழக்கிழமைதான் வினை வந்தது. சலங்கையைக் கோயிலில் வைத்துப் பூசை செய்யவேண்டும், அதை அப்பப்பாதான் ஐயரின் தட்டில் வைக்கவேண்டும் என்று மருமகள் சொல்லிவிட்டாள். துடக்கோடு இருக்கிற மனிதரை, அவருக்கே தெரியாமல், மூலஸ்தானத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதா? கோயில் வாசலைக் கும்பிடாமல் கடந்து போகாத மனுசன் அவர். மற்றப் பொய்யெல்லாம் மனிதருக்குச் சொன்ன பொய், இது அப்படியில்லை. தனக்கு முழங்கால் ஏலாது, தன்னோடு நில்லுங்கள் என்று சொல்வதாகத் தீர்மானித்துக்கொண்டு காரில் ஏறினாள்.

கோயில் பார்க்கிங்கில் கார் நின்றதும் அவள் வாயெடுக்க முதல் சண்முகநாதன் சொன்னார், "நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் காருக்குள்ளை இருக்கிறன்."

மருமகள் ஒருதரம் கெஞ்சிப் பார்த்தாள். அட்சயா முகத்தைச் சுருக்கினாள். கிருபன்தான் அவர்களை அவசரப்படுத்தி இறக்கினான். சலங்கைப் பெட்டியை வாங்கிக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். கண்ணாடிக்குள்ளால் தகப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் உள்ளுக்குப் போகேல்லை?" என்றாள் மங்கையற்கரசி.

"நீ ஏன் போகேல்லை?"

"எனக்கு முழங்கால் ஏலாது."

"எனக்குத் தம்பி செத்துப்போனான்."

குரல் உயரவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். ஞாயிற்றுக்கிழமையே தெரியுமாம். பேஸ்மென்ற்றில் பேசுவது ஹீற்றர் குழாய் வழியாகக் குளியலறைக்குள் அப்படியே கேட்குமாம். ஏழு வருடம் அந்த வீட்டில் குடியிருக்கிற மகனுக்கு அது தெரியவில்லை. பாதி முகம் மழித்தபடி நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, மற்றப் பாதியையும் மழித்துக்கொண்டுதான் இறங்கி வந்தாராம்.

"தெரிஞ்சுகொண்டே என்னோட ஊர் சுத்தினனீங்களோ?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன். கோபுரத்தில சொல்லுவாய் எண்டு நினைச்சன். அருவிப் படகில கட்டாயம் சொல்லுவாய் எண்டு நினைச்சன். நாப்பத்தொரு வருசம் மங்கை. நீ படத்துக்குச் சிரிச்சாய்."

"பிள்ளைக்காகத்தான்..."

"பிள்ளை ஆடட்டும். என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பன், ஆடட்டும் எண்டு. என்ரை தம்பியும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

ஐந்து நாளாக அடக்கி வைத்தது அவளுக்கு அப்போதுதான் உடைந்தது. அவர் அவளைத் தொடவில்லை. "இப்ப அழாதை, அவை வந்திடுவினம்" என்றார். அரங்கேற்றம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிருபன் வந்து சொல்வான், அப்போதுதான் கேட்டதுபோலத் தான் அழவேண்டும், அவளும் அப்போதுதான் கேட்டதுபோல அழட்டும் என்றார்.

கிருபன் நெற்றி நிறைய வீபூதியோடு திரும்பி வந்தான். எல்லாம் நல்லபடி முடிந்த சந்தோசம் முகத்தில் தெரிந்தது. நாளைக்கு மிருகக்காட்சிச்சாலைக்குப் போவோமா என்று தகப்பனைக் கேட்டான்.

"ஓம் ராசா, போவம்" என்றார் சண்முகநாதன்.

போனார்கள். நல்ல வெயில். ஒட்டகச்சிவிங்கி பார்த்தார்கள், புலி பார்த்தார்கள், ஐஸ்கிறீம் குடித்தார்கள். ஒவ்வொரு கூட்டுக்கு முன்னாலும் மங்கையற்கரசி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என்ன யோசிக்கிறாய் என்று ஒருதரம் கேட்டிருந்தால் போதும், அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பாள். பின்னேரம் வரை சுற்றினார்கள். அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.